இடைக்காட்டூர் செங்கல் ஆலயம்: ஒரு கட்டடம், பல பாடங்கள்

சமூக அறிவியலில் கட்டடக்கலை பற்றிய பகுதி வரும்போது நம் மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டியவர் யார், எந்த ஆண்டு, என்ன பாணி என்ற மூன்றையும் மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வினாவுக்குத் தயாராகிவிடுவார்கள். அந்தக் கட்டடம் எப்படி விழாமல் நிற்கிறது, ஏன் அந்தப் பொருளால் கட்டினார்கள், அதில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்ற கேள்விகள் வினாத்தாளில் வருவதில்லை. அதனால் வகுப்பறையிலும் வருவதில்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்க வைப்பதற்கு உலக அதிசயம் எதுவும் தேவையில்லை. நம் பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு பழைய கட்டடம் போதும். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிப் பகுதியில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரியும் நான், எங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களோடு இதற்காகத் தேர்ந்தெடுத்த கட்டடம் இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் ஆலயம். அதைப் பாடமாக்கிய முறையையும், கூடவே செய்யக்கூடிய செயல்பாடுகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இடைக்காட்டூர்?

இடைக்காட்டூர் சிவகங்கை மாவட்டத்தில் வைகைப் படுகையில் உள்ள ஒரு சிற்றூர். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில் சென்று பிரிய வேண்டும். ஏறத்தாழ 36 கிலோமீட்டர். இடைக்காடர் என்னும் சித்தரோடு இந்த ஊரின் பெயரை இணைத்துச் சொல்வார்கள். திருவிளையாடற் புராணத்தில் இடைக்காடன் பிணக்குத் தீர்த்த படலம் என்று ஒரு படலமே உண்டு. அப்படிப்பட்ட ஊரில், வயல்களுக்கு நடுவே, பிரான்சு நாட்டு ரைம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு, கோதிக் பாணியில் 1894-இல் எழுந்தது இந்தச் செங்கல் ஆலயம். அருட்தந்தை பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சு நாட்டுத் துறவி இதைக் கட்டுவித்தார்.

இதே சாலையில் சிலைமான் அருகே பிரிந்தால் கீழடி. அங்கே தரைக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட செங்கல் கட்டுமானங்களைப் பற்றி நம் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த பிள்ளைகளும் உண்டு. மேற்கே மதுரை நகருக்குள் போனால் 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால்; அதுவும் செங்கல்லும் சுதையும்தான். மதுரையில் பேருந்து நிறுத்தமாக நாம் தினமும் சொல்லும் 'காளவாசல்' என்ற பெயருக்கே சூளை என்றுதான் பொருள். கிழக்கே மானாமதுரை, கடம் என்னும் இசைக்கருவிக்கு மண் கொடுத்த ஊர். ஆக, இந்த ஒரு தடத்தில் பயணம் செய்தாலே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மண் தொழிலின் வரலாற்றைத் தொட்டுவிடலாம். இடைக்காட்டூர் ஆலயம் அந்த நீண்ட கதையில் ஓர் அத்தியாயம். மாணவர்களிடம் அதை அப்படித்தான் அறிமுகப்படுத்தினேன்.

காலக்கோட்டில் ஓர் இடம்

கட்டடத்தைத் தனியாகக் காட்டினால் அது ஒரு விநோதமாக நின்றுவிடும். காலக்கோட்டில் பொருத்தினால் காரணம் தெரியும். கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, கீழ்க்கண்டவற்றை மாணவர்களையே குறிக்கச் சொல்லலாம்.

1606-இல் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று தமிழ்நாட்டில் அறியப்பட்டவர். 1693-இல் ஜான் டி பிரிட்டோ என்னும் அருளானந்தர், சேதுபதிகளின் ஆட்சிப் பகுதியில் உள்ள ஓரியூரில் கொல்லப்பட்டார். 1773-இல் ரோமில் இருந்த திருத்தந்தையின் ஆணையால் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1814-இல் மீண்டும் நிறுவப்பட்டது. 1830-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பினர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையே உலுக்கிய தாதுவருடப் பஞ்சம். 1887-இல் முல்லைப் பெரியாறு அணைப் பணி தொடங்கி 1895-இல் முடிந்தது. 1894-இல் இடைக்காட்டூர் ஆலயம். 1902-இல்தான் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் ஓடத் தொடங்கியது.

இந்தக் கோட்டை வரைந்து முடித்ததும் மாணவர்கள் தாங்களாகவே இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, ஆலயம் கட்டும்போது அந்தப் பக்கம் ரயில் இல்லை. பாரம் ஏற்ற மாட்டு வண்டிதான் கதி. எனவே கைக்கு அருகில் கிடைக்கும் பொருளைத்தான் நம்ப வேண்டும். இரண்டு, பென்னிகுவிக் அணை கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இதுவும் எழுந்திருக்கிறது. அணையில் சிமெண்டு இல்லை; சுண்ணாம்பும் செங்கல்லைப் பொடித்த சுர்க்கியும் சேர்ந்த கலவைதான் கருங்கற்களைப் பிடித்து வைத்திருக்கிறது. வைகைப் பாசனத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் பெயர் வீட்டுப் பெயர் மாதிரி. அந்த அறிமுகத்தின் வழியாக இந்த ஆலயத்துக்குள் நுழைவது எளிதாக இருந்தது.

மரம், கல், செங்கல்: ஊருக்கு ஏற்ற பொருள்

"டீச்சர், பிரான்சுல இருக்கறது கல்லுன்னு சொன்னீங்க. இங்க ஏன் செங்கல்லு?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள். இந்த ஒரு கேள்விக்கே ஒரு பாடவேளையை ஒதுக்கலாம்.

உலக வரைபடத்தைத் தொங்கவிட்டு நார்வே நாட்டைக் காட்டுங்கள். ஊசியிலைக் காடுகள் நிறைந்த அந்த நாட்டில் இடைக்காலத்தில் தேவாலயங்களை முழுக்க மரத்தாலேயே கட்டினார்கள். நெடுமரங்களைத் தூண்களாக நட்டு, நடுவே பலகைகளை நிறுத்தி, அடுக்கடுக்காகக் கூரை வேய்வார்கள். தூண்களை நேரே மண்ணில் ஊன்றிய பழைய கட்டடங்கள் அடிப்பகுதி இற்று விழுந்தன. பிறகு கல் அடித்தளத்தின் மேல் மரச்சட்டம் வைத்து, அதன் மேல் தூண்களை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். அப்படி நிறுத்தியவற்றில் சில 800 ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. ஆயிரத்துக்கும் மேல் இருந்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 28. அவற்றில் ஊர்னெஸ் என்ற சிற்றூரின் மரத் தேவாலயத்தை 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நம் மாநிலத்திலும் மரத்துக்குப் பெயர்பெற்ற தேவாலயம் ஒன்று இருக்கிறது. உதகமண்டலத்தின் புனித ஸ்டீபன் ஆலயம். 1829-இல் அடிக்கல் நாட்டி, 1831-இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். அதன் பெரிய உத்திரங்களுக்கான தேக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய அரண்மனை மரம் மலையேறிய கதையை எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

வைகைச் சமவெளியில் என்ன இருக்கிறது? பெரிய மரங்கள் கொண்ட காடு இல்லை. பனையும் கருவேலமும் வீட்டுக்கு விட்டமாகும். நெடிய மண்டபத்துக்குப் போதாது. செட்டிநாட்டு வீடுகளுக்கே தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. போதாததற்குக் கரையான். ரைம்ஸில் கிடைப்பதுபோல் மென்மையாகச் செதுக்க வரும் சுண்ணாம்புக்கல் மலையும் பக்கத்தில் இல்லை. இருப்பது ஆற்று வண்டலும் கண்மாய்க் களிமண்ணும் அவற்றைக் கையாளத் தெரிந்த கைகளும். ஆகவே கல்லில் செதுக்கிய வடிவங்களை இங்கே களிமண்ணில் வார்த்தார்கள். நார்வேக்கு மரம், ரைம்ஸுக்குக் கல், இடைக்காட்டூருக்குச் செங்கல். புவியியலும் வரலாறும் ஒரே பாடம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ 200 வகைச் செங்கல்

இந்த ஆலயத்தில் ஏறத்தாழ 200 வகையான வடிவச் செங்கற்களும் ஓடுகளும் பயன்படுத்தப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதன் பொருள் என்ன என்று யோசிக்க வைக்க வேண்டும்.

சாதாரணச் செங்கல்லுக்கு ஓர் அச்சு போதும். தூணின் உருண்டைக்கு, வளைவின் விளிம்புக்கு, சன்னல் ஓரத்தின் பூ வேலைக்கு, கூம்பு முனைக்கு எனத் தனித்தனிக் கல் வேண்டுமானால் தனித்தனி அச்சு வேண்டும். கட்டடத்தின் எந்த இடத்தில் எந்தக் கல் வரும் என்பதை முன்கூட்டியே வரைந்து, எண்ணி, ஒவ்வொரு வகையிலும் எத்தனை தேவை என்று கணக்குப் போட வேண்டும். உடைவதற்கும் சேர்த்துக் கூடுதலாக அறுக்க வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் நுட்பம் வேறொன்று. ஈரக் களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். எனவே அச்சு, முடிந்த கல்லைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிது என்பது அந்த மண்ணைப் பொறுத்தது. இதை வகுப்பில் செய்து பார்த்தோம். கண்மாய் மண்ணைப் பிசைந்து, தீக்குச்சியால் அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து மறுபடி அளப்பதுதான் செயல்பாடு. குறைந்த நீளத்தை 10-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுருக்கச் சதவீதம். ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்கை இப்படிக் கையில் மண்ணோடு செய்த பிள்ளைகள், 'சதவீதம் எதற்கு' என்று பிறகு கேட்கவில்லை. மணல் கலந்தால் சுருக்கம் குறைகிறது என்பதையும் தாங்களே கண்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பையன் ஒருவன் உண்டு. சீசன் நேரத்தில் பெற்றோரோடு சூளைக்குப் போய்விடுவான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இடைவெளிகள் அதிகம். மண் பிசையும் நாளில் அவன் எழுந்து வந்து, "டீச்சர், தண்ணி ஜாஸ்தி. இப்படிப் பிசைஞ்சா வெடிச்சிரும். ராத்திரி ஊறவச்சு மிதிக்கணும்" என்றான். அச்சில் ஒட்டாமல் இருக்க உள்ளே மணல் தூவ வேண்டும் என்றும், கல்லை வெயிலில் நேரடியாகப் போடக்கூடாது என்றும் சொன்னான். அந்த ஒரு வாரம் முழுவதும் மற்ற பிள்ளைகள் அவனைக் கேட்டுத்தான் செய்தார்கள். அந்த வாரம் அவன் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் சீசன் வந்தது; அவன் போனான். ஆனால் திரும்பி வந்தபோது, நேராக வகுப்புக்கு வருவதில் முன்பிருந்த கூச்சம் இல்லை. கற்றல் இடைவெளியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவுக்குப் பாடத்திட்டத்தில் ஓர் இருக்கை போட்டுக் கொடுப்பதும் அந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளில் ஒன்று.

கூர்வளைவும் கவராயமும்

கோதிக் பாணியின் முதல் அடையாளம் கூர்வளைவு. நாம் 'ஆர்ச்சு' என்று சொல்லும் வளைவு உச்சியில் கூராக முடியும். அரைவட்ட வளைவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவராயத்தை வைத்தே காட்டிவிடலாம்.

6 செ.மீ. அகலத்துக்கு ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். அதன் நடுப்புள்ளியில் கவராய முனையை வைத்து 3 செ.மீ. ஆரத்தில் வரைந்தால் அரைவட்ட வளைவு. உயரம் 3 செ.மீ. அதற்கு மேல் உயர்த்த வழியே இல்லை. அகலம்தான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. இப்போது கோட்டின் இரு முனைகளிலும் கவராய முனையை மாற்றி மாற்றி வைத்து 6 செ.மீ. ஆரத்தில் இரண்டு வில்கள் வரையுங்கள். அவை மேலே சந்திக்கும். அந்த உச்சியையும் இரு முனைகளையும் இணைத்தால் சமபக்க முக்கோணம். பிதாகரஸ் தேற்றப்படி உயரம் 27-இன் வர்க்கமூலம். அதாவது ஏறத்தாழ 5.2 செ.மீ.

அடுத்த படி ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு. பக்கத்தில் 4 செ.மீ. அகலத்துக்கு இன்னொரு வளைவு வேண்டும். ஆனால் உயரம் அதே 5.2 செ.மீ. இருக்க வேண்டும். ஆரம் என்ன? இயற்கணிதத்தில் தீர்த்தால் 7.75 செ.மீ. என்று வரும். கவராய முனை கோட்டுக்கு வெளியே, எதிர் முனையிலிருந்து 3.75 செ.மீ. தள்ளிப் போக வேண்டும். வரைந்து பார்த்தால் இரண்டு வளைவுகளும் ஒரே மட்டத்தில் முடிவதைக் காணலாம். அகலமான நடுமண்டபத்தையும் குறுகலான பக்க மண்டபத்தையும் ஒரே உயரத்தில் மூட முடிந்தது இந்த வடிவியலால்தான். நாயக்கர் மகாலின் இதழ் வளைவுகளையும் இதையும் அருகருகே வரையச் சொன்னால் ஓவிய ஆசிரியருக்கும் வேலை கிடைக்கும்.

வளைவு தள்ளும்; சுவர் தாங்கும்

இனி அறிவியல். எந்த வளைவும் தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை. இரு பக்கமும் வெளியேயும் தள்ளும். இதைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கும் காட்டலாம். இரண்டு குழந்தைகளை எதிரெதிரே நிறுத்தி, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தச் சொல்லி, மெதுவாகக் கால்களைப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். ஓர் அளவுக்கு மேல் கால் வழுக்கும். பின்னால் இன்னொரு குழந்தை தன் பாதத்தை அணைவாக வைத்தால் வழுக்காது. அந்தப் பாதம்தான் உதைசுவர். கூர்வளைவு, அரைவட்டத்தைவிடச் செங்குத்தாக இருப்பதால் வெளியே தள்ளுவது குறைவு. குறைந்த தள்ளலையும் உதைசுவர் ஏற்றுக்கொண்டால் இடையிலுள்ள சுவரில் பெரிய சன்னல் வைக்கலாம். வெளிச்சம் உள்ளே வரும்.

நடுநிலை வகுப்புக்கு இன்னொரு சோதனை. ஒரு மெல்லிய சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் நிழலைத் தாளில் வரையுங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே உறுதியான வளைவின் வடிவம். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிவியலாளர் 1675-இல் வெளியிட்ட கருத்து இது. சுருள்வில் பாடத்தில் வரும் அதே ஹூக்.

இங்கே மரத்தின் பங்கையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். வளைவின் உச்சிக்கல் பொருந்தும்வரை மற்றக் கற்கள் தாமாக நிற்காது. அதனால் முதலில் வளைவின் வடிவத்தில் மரச்சட்டம் செய்து நிறுத்தி, அதன்மேல் கல்லை அடுக்கி, காரை இறுகியபின் சட்டத்தை உருவுவார்கள். செங்கல் அச்சு செய்வதும் தச்சு வேலைதான். சாரமும் மரம். ஆக, நாம் பார்க்கும் செங்கல் ஆலயம் எழுவதற்கு முன் அதே இடத்தில் ஒரு மர ஆலயம் எழுந்து, வேலை முடிந்ததும் போய்விட்டது என்று சொல்லலாம். தச்சரின் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போன வேலை. 'கட்டடத்தில் இல்லாத கைகள்' என்ற தலைப்பில் இதைக் கட்டுரை எழுதச் சொன்னேன்; தமிழாசிரியர் திருத்தித் தந்தார்.

சுண்ணாம்பின் சுழற்சி

பத்தாம் வகுப்பு வேதியியலுக்கு இந்த ஆலயத்தின் காலத்துக் காரை நல்ல பாடம். சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட். காளவாசலில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பான கால்சியம் ஆக்சைடு ஆகும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் வைத்தால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும். கல், பொடியாகி, திரும்பவும் கல்லாகிறது. செங்கல்லின் சிவப்பு, மண்ணிலுள்ள இரும்பு சூளையில் ஆக்சைடாவதால் வருவது. களிமண் வெந்தபின் மீண்டும் களிமண்ணாகாது. இது வேதியியல் மாற்றம் என்பதற்கு வீட்டுப் பக்கத்துச் சான்று.

இதிலிருந்து பாதுகாப்பு பற்றிய பாடமும் பிறக்கிறது. சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழி தரும். பழைய சுவர்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்பு பூத்து, செங்கல் பொரிந்து கொட்டும். நம் ஊர்களில் பழைய மண்டபங்களுக்கும் சாவடிகளுக்கும் நல்லெண்ணத்தோடு சிமெண்டு பூசி எனாமல் பெயிண்டு அடித்துவிடுகிறோம். 'புதுசாக்கிட்டோம்' என்று மகிழும்போதே அதன் ஆயுளைக் குறைத்திருப்போம். இதைப் புரிந்துகொண்ட ஒரு மாணவர், நாளை ஊர்க் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நகலா, அசலா?

இந்தப் பாடத்தில் மிகச் சூடான விவாதம் இந்தக் கேள்வியில்தான் நடந்தது. "பிரான்சுல இருக்கறதைப் பார்த்துக் கட்டுனதுதானே, இதுல நம்ம பெருமை என்ன இருக்கு?" என்றான் ஒருவன்.

ரைம்ஸ் பேராலயத்தின் கட்டுமானம் 1211-இல் தொடங்கியது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிக்கொண்ட இடம் அது. அதன் நீளம் ஏறத்தாழ 149 மீட்டர்; கோபுரங்கள் 81 மீட்டர். இடைக்காட்டூர் ஆலயம் அளவில் அதனோடு போட்டியிடவில்லை. முதல் உலகப் போரில் 1914 செப்டம்பரில் ரைம்ஸ் குண்டுவீச்சுக்கு ஆளானது. பழுதுபார்ப்பதற்காகக் கட்டியிருந்த மரச்சாரத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி, கல் விதானத்துக்கு மேலிருந்த மரக்கூரை முழுவதும் எரிந்துபோனது. பல ஆண்டுப் பணிக்குப்பின், மரத்துக்குப் பதிலாகக் கான்கிரீட் துண்டுகளை இணைத்துப் புதிய கூரை அமைத்து, 1938-இல் மீண்டும் திறந்தார்கள். 2019 ஏப்ரலில் பாரிஸ் நோட்ர டாம் பேராலயத்தின் மரக்கூரை எரிந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது.

அதாவது, அசல் எரிந்துகொண்டிருந்த நாட்களில், அதைப் பார்த்துக் கட்டிய நம் வைகைப் படுகைக் கட்டடம் இருபது வயதில் முழுதாக நின்றுகொண்டிருந்தது. இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு அந்தச் சூளை வீட்டுப் பையன் சொன்னான்: "படம் அங்கிருந்து வந்துருக்கலாம் டீச்சர். மண்ணு இங்கதான, கையும் இங்கதான." இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. வடிவம் எங்கிருந்தும் வரலாம். அதை வேறொரு பொருளில் நிற்கவைப்பதற்கு வேறொரு அறிவு வேண்டும். நாயக்கர் மகாலின் வளைவுகளும் பல திசைகளிலிருந்து வந்த வடிவங்கள் நம் சுதைக் கலைஞரின் கையில் கலந்து பிறந்தவைதாம்.

கல்வெட்டுகள் பெரும்பாலும் கட்டச் சொன்னவர் பெயரையே சொல்லும். மண் மிதித்தவர், அச்சு செய்தவர், சாரத்தில் ஏறியவர், சித்தாளாகக் கல் சுமந்த பெண்கள் ஆகியோரின் பெயர்களை நாம்தான் தேட வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் 'யார் கட்டியது?' என்ற வினாவைப் 'யாரெல்லாம் கட்டியது?' என்று மாற்றிப் பாருங்கள். விடைத்தாளின் அளவே மாறிவிடும்.

களப்பயணத்துக்கு முன்

வழிபாட்டு இடத்துக்கு மாணவர்களை அழைத்துப்போகும்போது பெற்றோருக்கு ஐயம் வருவது இயல்பு. ஒரு தந்தை பள்ளிக்கே வந்து, "சாமி கும்பிடவா டீச்சர் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். கேட்டது நல்லது. இதே மன்றம் சமணர் மலைக்கும், திருப்பரங்குன்றம் குடைவரைக்கும், மதுரை காஜிமார் பள்ளிவாசல் பகுதிக்கும் போகும் ஆண்டுத் திட்டத்தைக் காட்டி, "எல்லா இடத்திலும் நாங்கள் பார்ப்பது கட்டடம், மதிப்பது அங்கே வருபவர்களை" என்றேன். அவர் கொத்தனார். திட்டத்தைப் படித்துவிட்டு, "நானும் வரலாமா?" என்று கேட்டார். வந்தார். தூக்குக்குண்டை எப்படிப் பிடிப்பது, கல் வரிசையில் இணைப்பு ஒன்றன் மேல் ஒன்று வராமல் எப்படி மாற்றி வைப்பது என்பதை அவர்தான் பிள்ளைகளுக்கு விளக்கினார்.

செய்ய வேண்டியவை: தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புதல், பெற்றோரின் எழுத்துவழி இசைவு, ஆலய நிர்வாகத்தின் முன் அனுமதி, வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்தல், அவ்விடத்து நெறிகளைப் பின்பற்றுதல், சுவரைச் சுரண்டாமை, அளப்பதற்கு நூல், அளவுநாடா, காலடி மட்டும்.

வகுப்பு நிலைச் செயல்பாடுகள்

தொடக்க நிலை: களிமண்ணில் சிறு செங்கல் செய்தல். சதுரம், முக்கோணம், வட்டம், வளைவு ஆகிய வடிவங்களைக் கட்டடத்தில் தேடி எண்ணுதல். கட்டட வேலை செய்யும் உறவினரின் கருவிகளை (கரணை, மட்டப்பலகை, ரசமட்டம்) படம் வரைந்து பெயரிடுதல்.

நடுநிலை: களிமண் சுருக்கச் சதவீதம் காணுதல். சங்கிலிச் சோதனை. காலடியால் நீள அகலம் அளந்து, தன் காலடியின் சராசரி நீளத்தால் பெருக்கி மீட்டரில் கூறுதல். நடுக்கோட்டின் இருபுறமும் சமச்சீர் உள்ள பகுதிகளைக் குறித்தல்.

உயர்நிலை: கூர்வளைவு வடிவியல். சுண்ணாம்புச் சுழற்சியின் வேதிச் சமன்பாடுகள். 'நகலா, அசலா?' என்ற பட்டிமன்றம். ஊரின் மூத்த கொத்தனார், தச்சர், சூளைத் தொழிலாளர் ஒருவரை நேர்காணல் செய்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்தல். இந்தச் சொற்பட்டியல் தமிழ்ப் பாடத்துக்கும் கொடை.

உங்கள் பள்ளி இடைக்காட்டூரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கலாம். அதனால் குறையொன்றுமில்லை. உங்கள் ஊரிலும் ஒரு பழைய சாவடி, சத்திரம், பள்ளிவாசல், மண்டபம், மதகு, ரயில் நிலையம் நிச்சயம் இருக்கும். என்ன பொருளால் கட்டினார்கள், அந்தப் பொருள் ஏன், எப்படி நிற்கிறது, யாரெல்லாம் கட்டினார்கள் என்ற நான்கு கேள்விகளோடு மாணவர்களை அதன் முன் நிறுத்துங்கள். அந்தத் தொழிலை அறிந்த குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். அன்றைய பாடத்தைத் தொடங்கி வைக்கும் வாய்ப்பை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.